கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் ஊத்தப்பம் மாதிரி மிதக்கிறது: 10 எம்எல்டி பிளான்ட், பெங்களூரு. யாராவது வழி சொல்லுங்கள்

ஈஜிபுரா பையன்:

வணக்கம். பெங்களூருவின் கிழக்குப் பக்கம் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். சேர்ந்து ஐந்து மாதம். படித்தது பிஎஸ்சி வேதியியல். பிளான்டை எடுத்து நடத்தும் கான்ட்ராக்ட் கம்பெனியில்தான் வேலை, அரசு வேலை இல்லை. அம்மா மட்டும் எங்கள் தெருவில் அரசு வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்.

பிளான்ட் பழைய மாதிரி, எக்ஸ்டெண்டட் ஏரேஷன், அதாவது நெடுநேரம் காற்று அடிக்கிற முறை. குப்பை தடுக்கும் ஸ்கிரீன், மணல் பிரிக்கும் கிரிட், காற்று ஊதி பாக்டீரியா வளர்க்கும் ஏரேஷன் டேங்க், அந்த பாக்டீரியாச் சேறு (ஸ்லட்ஜ்) அடியில் படிகிற கிளாரிஃபையர், கடைசியில் குளோரின். ஏரேஷன் டேங்க் 8,000 கன மீட்டர். டிசைன் 10 எம்எல்டி (ஒரு எம்எல்டி என்றால் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர்) என்றாலும் தினமும் வருவது 8தான். இன்னும் யுஜிடி (பாதாளச் சாக்கடை) இணைப்பு கொடுக்காத தெருக்கள் நிறைய, அந்தத் தண்ணீர் நேராக ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய்க்குப் போகிறது. மழை கொட்டினால் மட்டும் எல்லாம் சேர்ந்து எங்கள் வெட்வெல்லுக்கு (கழிவுநீர் வந்து சேரும் கிணறு) வந்துவிடும்.

பிரச்சினைக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கு வெளியே போகும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பதினொன்றரைக்கு மேல் பார்த்தால் கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் துண்டு துண்டாக மேலே வருகிறது. ஒவ்வொன்றும் ஊத்தப்பம் அளவு. வந்ததும் சின்னச் சின்னக் குமிழி விட்டு உடைந்து, தூளாகி, வெளியே போகும் தண்ணீரோடு கிளம்பிவிடுகிறது. வெயில் ஏற ஏற அதிகம்.

ஏரேஷன் டேங்க் மேலே பழுப்பு நுரை. பெல்லந்தூர் ஏரியில் இருந்து ரோட்டுக்குப் பறந்து வந்ததே, அந்த வெள்ளை நுரை இல்லை. இது ஆறிப்போன காபியின் ஆடை மாதிரி தடியாக இருக்கிறது. ஹோஸ் வைத்து அடித்தால் ஒதுங்குகிறது, கலைவதில்லை.

எஸ்வி 30 போட்டால் 900. அதாவது ஒரு லிட்டர் ஜாடியில் அரை மணி நேரம் வைத்தும் 900 மில்லிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. எம்எல்எஸ்எஸ், அதாவது ஏரேஷன் டேங்கில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஸ்லட்ஜ் என்பது, நானே உட்கார்ந்து போட்டேன், 5,800. லாக்புக்கில் மட்டும் நான் சேர்ந்த நாளில் இருந்து எம்எல்எஸ்எஸ் 3,500, எஸ்வி 350. ஞாயிற்றுக்கிழமையும் 350. லேப் சாவி தொலைந்துபோன இரண்டு நாளும் 350.

மேனேஜர், பாக்டீரியா எல்லாம் செத்துவிட்டது, கல்ச்சர் பவுடர் போட வேண்டும் என்கிறார். ஒரு மூட்டை வந்தும் விட்டது. சீனியர் ஆபரேட்டர் சாணம் கரைத்து ஊற்றச் சொல்கிறார், கூடவே வெல்லமும். எலக்ட்ரீஷியனைக் கேட்டால் காற்று போதவில்லை என்கிறார். ஆனால் காற்று ஊதும் ப்ளோயர் எல்லாமே ஓடுகிறது, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் டிஓ மீட்டர் 3.5 காட்டுகிறது. பிஹெச் 7.2ல் இருந்து 6.4க்கு வந்துவிட்டது.

மற்ற விவரங்கள்: உள்ளே வருகிற பிஓடி (கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு மில்லிகிராமில்) 180 சுமார். கிளாரிஃபையர் அடியில் படிந்ததை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஸ்லட்ஜ் பம்ப் இரண்டில் ஒன்றை, கரண்ட் பில்லுக்காக இரவில் நிறுத்துகிறோம். உபரி ஸ்லட்ஜைப் பிழிந்து கெட்டியாக்கும் சென்ட்ரிஃப்யூஜின் கியர்பாக்ஸ் தீபாவளி சமயத்தில் போய்விட்டது, இன்னும் வரவில்லை. இது சம்பந்தமில்லாத விஷயம்தான், முழு விவரமும் கொடுக்க வேண்டுமே என்று எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது. புதுசாக வந்தவன் நான்தான் என்பதால் பழி என் மேல் விழும் என்று எல்லாரும் இப்போதே அன்பாக நடந்துகொள்கிறார்கள்.

---

ஓசூர் கெமிஸ்ட்:

தம்பி, லேபுக்கு அனுப்புகிற சாம்பிளை எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? ஏழு மணிக்கு என்றால் உங்கள் ரிப்போர்ட் எப்போதும் நன்றாகத்தான் வரும். அது தண்ணீர் வரத்தே இல்லாத நேரம். ஊர் எழுந்து குளித்து, பாத்திரம் தேய்த்து, வாஷிங் மெஷின் போட்டு, அந்தத் தண்ணீர் குழாய் வழியே உங்களிடம் வந்து சேர பத்து, பதினொன்று ஆகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிளான்டிலும் இதே ஏழு மணி சாம்பிள்தான். கேட்டதற்கு, ‘கூரியர் பையன் எட்டு மணிக்கு வருவான்’ என்றார்கள். மணிக்கு ஒரு முறை எடுத்து, ஐஸில் வைத்து, அந்தந்த நேரத்து வரத்துக்கு ஏற்றபடி கலந்து அனுப்பினால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று, பிஓடியை நம்பி பிளான்ட் ஓட்ட முடியாது. இங்கே 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம் (வெளிநாட்டுப் புத்தகத்தில் 20 டிகிரி, ஐந்து நாள் என்று இருக்கும், குழம்ப வேண்டாம்). திங்கட்கிழமை நடந்தது வியாழக்கிழமைதான் தெரியும். பெருநகர பிளான்டுகளுக்கு 2017ல் மத்திய அரசு வைத்த அளவு பிஓடி 20. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 10 என்று இறக்கியது. ஊத்தப்பம் மிதக்கிற தண்ணீரில் 10 வராது, அதற்கு டெஸ்டே தேவையில்லை.

பிஹெச் விழுவதற்குக் காரணம் சொல்கிறேன். உங்கள் டேங்கில் அம்மோனியா முழுக்க நைட்ரேட் ஆகிக்கொண்டிருக்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் அப்படி மாறும்போது 7.14 மில்லிகிராம் அல்கலினிட்டியை (பிஹெச் விழாமல் தாங்கும் காரத்தன்மை) தின்றுவிடும். 30 மில்லிகிராம் அம்மோனியா வந்தால் 214 காலி. உள்ளே வருவதே 230, 240 என்றால் மிச்சம் என்ன இருக்கும்? உடனே சுண்ணாம்பு மூட்டைக்கு இன்டென்ட் போட்டுவிடாதீர்கள். அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றினால் தின்றதில் பாதி திரும்பக் கிடைக்கும். இப்போதும் அது வாயுவாக மாறத்தான் செய்கிறது, ஆனால் மாறக்கூடாத இடத்தில். மீதியை இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் வந்து சொல்வார்.

---

தங்கவயல் தாத்தா:

வந்துவிட்டேன் அம்மா.

தம்பி, நீ ‘சம்பந்தமில்லாத விஷயம்’ என்று எழுதினாயே, அந்த ஒரு வரிதான் முழுக் கதையும். கல்ச்சர் பவுடர் மூட்டையை ஓரமாக வை, பிரிக்காதே. பிரிக்காத மூட்டையைக் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்வான்.

நான் 1986ல் கோலார் தங்கவயலில் இருந்து பெங்களூருக்கு வந்து ஒரு பிளான்டில் ஹெல்பராகச் சேர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் இருந்தார். பூமிக்கு அடியில் வேண்டாம் என்றுதான் என்னை அனுப்பினார், நான் வந்து வெட்வெல்லில் நின்றேன். 33 வருஷம். படிப்பு எஸ்எஸ்எல்சி. ஆகவே நான் சொல்கிற கணக்கு எல்லாம் கூட்டல், பெருக்கல்தான், பயப்படாதே.

முதலில் இரண்டு வேலை செய். இரண்டுக்கும் காசு வேண்டாம்.

ஜாடியில் ஸ்லட்ஜ் எடுத்து எஸ்வி 30 போடு. அரை மணி நேரம் முடிந்ததும் ஜாடியைக் கழுவிவிடாதே, அப்படியே விட்டுவிட்டு டீ குடித்து வா. இரண்டு மணி நேரத்துக்குள் அடியில் இருந்த ஸ்லட்ஜ் கட்டியாகக் கிளம்பி மேலே வந்தால், உன் கிளாரிஃபையரில் நடப்பதும் அதுதான். அடியில் காற்று கிடையாது. அங்கே கிடக்கிற பாக்டீரியா மூச்சு விட வழியில்லாமல் நைட்ரேட்டில் இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுகிற நைட்ரஜன் குமிழியாகி ஸ்லட்ஜைத் தூக்கிக்கொண்டு வரும். நீ பார்த்த ஊத்தப்பம் இப்படித்தான் உப்புகிறது. செத்த பாக்டீரியா இந்த வேலை பார்க்காது தம்பி, அவை நன்றாக உயிரோடுதான் இருக்கின்றன. கிளாரிஃபையருக்கு அடியில் மணிக்கணக்காகக் கிடப்பதுதான் தப்பு. கிடப்பதற்குக் காரணம், இரவில் நீங்கள் நிறுத்துகிற அந்த ஒரு பம்ப். இரவெல்லாம் சேர்ந்தது பகலில் வரத்து ஏறியதும் கிளம்புகிறது.

இரண்டாவது வேலை. ஒரு ஜாடியில் பாதி ஸ்லட்ஜ், பாதி உன் பிளான்டின் வெளித் தண்ணீர். கலக்கி அரை மணி நேரம் வை. வருகிற எண்ணை இரண்டால் பெருக்கு. 900க்குப் பக்கத்திலோ மேலேயோ வந்தால் ஸ்லட்ஜைப் படியவிடாத நூல் பாக்டீரியா பெருகியிருக்கிறது, அது வேறு வைத்தியம். 700 பக்கம் வந்தால் ஸ்லட்ஜ் நல்ல ஸ்லட்ஜ்தான், கூட்டம் அதிகம், அவ்வளவே. காலை எட்டரை மணி சில்க் போர்டு ஜங்ஷனில் வண்டி நகராததற்கு வண்டி ரிப்பேர் காரணமா?

இப்போது கணக்கு. உன் டேங்க் 8,000 கன மீட்டர். எம்எல்எஸ்எஸ் 5,800 என்றால் ஒரு கன மீட்டருக்கு 5.8 கிலோ. பெருக்கினால் 46,400 கிலோ. 3,500ல் இருந்தால் எவ்வளவு இருக்கும்? 28,000 கிலோ. ஆக 18,400 கிலோ உபரி.

உள்ளே வருகிற பிஓடி 180, தினமும் 8 எம்எல்டி. அப்படியானால் நாளொன்றுக்கு 1,440 கிலோ சாப்பாடு. இந்த மாதிரி பிளான்டில் ஒரு கிலோ சாப்பாட்டுக்கு 600 கிராம், அதற்குக் கொஞ்சம் மேலே ஸ்லட்ஜ் விளையும். தினம் 900 கிலோ என்று வை. 18,400ஐ 900ஆல் வகுத்துப் பார். இருபது நாள், சொச்சம். தீபாவளியில் இருந்து இன்று வரை எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுது.

சென்ட்ரிஃப்யூஜ் நின்றது. வெளியே எடுக்க இடமில்லை. எடுப்பதை நிறுத்தினீர்கள். வருகிற தண்ணீரை நிறுத்த முடியுமா? முடியாது. தினமும் 900 கிலோ டேங்கிலேயே குடியேறுகிறது. சாப்பாடு அதே அளவு, வாய் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பட்டினி கிடந்து வயசான ஸ்லட்ஜில்தான் அந்தப் பழுப்பு நுரை வரும். அதை ஹோஸ் வைத்து அடித்துத் திரும்ப உள்ளே தள்ளாதே. வலை வைத்து அள்ளி வெளியே போடு. அள்ளியதை இன்லெட் பக்கம் கொட்டுகிற புத்திசாலிகள் உண்டு. அது விதை, போட்ட இடத்தில் மறுபடி முளைக்கும்.

எங்கள் காலத்திலும் இதே கதைதான். மேலே இருந்து வருகிறவர்கள் வெளியே போகிற தண்ணீரைப் பார்ப்பார்கள், எத்தனை எம்எல்டி என்று கேட்பார்கள். இந்த மாதம் எத்தனை லோடு ஸ்லட்ஜ் லாரியில் ஏறியது என்று 33 வருஷத்தில் என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர். பில் தண்ணீருக்கு மட்டும்தான். ஸ்லட்ஜ் என்றால் செலவு: பாலிமர், டீசல், டிரைவர். அதனால் முதலில் வெட்டுவது அதைத்தான். வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்துவிட்டு எச்சில் இலை எடுக்க ஆள் வைக்காத மாதிரி.

சரி, என்ன செய்வது?

இன்று இரவில் இருந்து ரிட்டர்ன் பம்ப் இரண்டும் ஓடட்டும். கரண்ட் பில் என்று கத்தினால், டிஓ 3.5 இருக்கிறதே, 2 போதும், ஒரு ப்ளோயரைக் குறை என்று சொல். பிளான்ட் கரண்டில் பாதிக்கு மேல் காற்றுக்குத்தான் போகிறது. ரிட்டர்ன் பம்ப் அதற்கு முன்னால் பச்சா. கடுகு போகிற இடத்தை ஆராய்வார்கள், பூசணிக்காய் போகிற இடம் தெரியாது. ஆனால் எல்லாக் காற்றையும் மொத்தமாக மணிக்கணக்கில் நிறுத்திவிடாதே, காற்று வெளிவரும் டிஃப்யூசர் அடைத்துக்கொள்ளும். டேங்கின் முன்பக்க வால்வை மட்டும் கொஞ்ச நேரம் மூடித் திற. மேலே அந்த அம்மா சொன்ன பாதி அல்கலினிட்டி அங்கே திரும்பக் கிடைக்கும், நைட்ரேட்டும் கிளாரிஃபையருக்குப் போகுமுன் குறையும். டிஓ மீட்டரின் மூக்கைத் துடைத்துவிட்டுப் படி. பாசி படிந்த மீட்டர் என்ன வேண்டுமானாலும் சொல்லும்.

அப்புறம் ஸ்லட்ஜ். ஒரு மாதத்தில் உபரியை இறக்க வேண்டும் என்றால் தினம் 600 கிலோ பழைய பாக்கி, 900 கிலோ அன்றைய வரவு, மொத்தம் 1,500 கிலோ. ரிட்டர்ன் லைனில் கன மீட்டருக்கு 10 கிலோ இருந்தால் 150 கன மீட்டர் எடுக்க வேண்டும். திக்னரில் கெட்டியாக்கி 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 50 கன மீட்டர். பழைய பிளான்ட் என்கிறாய், பின்பக்கம் புல் முளைத்த காயவைக்கிற பாத்திகள் இருக்கும், போய்ப் பார். ஒரு பாத்தி 20க்கு 6 மீட்டர், கால் மீட்டர் உயரம் விட்டால் 30 கன மீட்டர் பிடிக்கும். எட்டு பாத்தி இருந்து, வெயில் அடித்து, பன்னிரண்டு நாளில் காய்ந்தால் நாளுக்கு 20 கன மீட்டர், அதாவது 600 கிலோ. விளைவது 900. ஆக, பாத்தியை மட்டும் நம்பினால் தினமும் 300 கிலோ கடன் ஏறும். சென்ட்ரிஃப்யூஜ் வராமல் தீராது. இந்தப் பத்தியை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, மேனேஜரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி ஒரு காப்பி வைத்துக்கொள். இன்ஸ்பெக்‌ஷனில் உன்னைக் காப்பாற்றப் போவது கல்ச்சர் பவுடர் இல்லை, அந்தத் தாள்.

சாணம், வெல்லம் பற்றி. புது பிளான்ட் தொடங்கும்போது சாணம் கரைத்து ஊற்றுவது உண்டு, நானும் ஊற்றியிருக்கிறேன். 46 டன் பாக்டீரியா ஏற்கெனவே பசியோடு காத்திருக்கிற டேங்கில் இன்னும் ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொட்டுவது எதற்கு? கழிவுநீரே தினமும் இலவசமாகக் கொண்டுவருகிறது.

உனக்கு வேதியியல் பிடிக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த முறையை 1914ல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். அவர்களும் பாட்டிலில் கழிவுநீரை ஊற்றிக் காற்று அடித்துத்தான் பார்த்தார்கள். முதல் முறை அம்மோனியா முழுக்க நைட்ரேட் ஆக ஐந்து வாரம் ஆனது. தெளிந்த தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்ததை வைத்துக்கொண்டு, புதுக் கழிவுநீர் ஊற்றினார்கள். இப்படியே திரும்பத் திரும்பச் செய்ய ஒரு நாளுக்குள் முடிந்தது. அவர்களுக்கு வழி காட்டிய கில்பர்ட் ஃபவுலர் இரண்டு வருஷம் கழித்து, 1916ல், எங்கே வந்தார் தெரியுமா? நம்ம பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு, பேராசிரியராக. யஷ்வந்தபுரம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கும்பிடு போடுவேன், பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிற திட்டம் இருக்கிறதே, 440 எம்எல்டி, கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கில் இருந்து. 2018 ஜூனில் லக்ஷ்மிசாகரா ஏரிக்கு முதல் தண்ணீர் போனது. அடுத்த மாதமே நுரை வந்து கோர்ட் வரை போய்விட்டது. எங்கள் அக்கா கோலார் பக்கம்தான் கட்டிக்கொடுத்தது. போன் பண்ணி, ‘என்னடா அனுப்புறீங்க எங்களுக்கு?’ என்று கேட்டாள். நான் இருந்தது வேறு பிளான்ட், சொன்னால் அவளுக்குப் புரியுமா? போனை வைத்துவிட்டு நேராக லேபுக்குப் போய் லாக்புக்கைப் பார்த்தேன். எங்களுடையதிலும் எஸ்வி 350தான் இருந்தது. ஒரு மாதமாக.

---

சர்ஜாபுரா ரோடு பொருளாளர்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் அபார்ட்மென்ட் சங்கப் பொருளாளர், 240 வீடு, பேஸ்மென்டில் சொந்த எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்). எங்கள் ஆபரேட்டரும் இதே கல்ச்சர் பவுடருக்கு மாதா மாதம் பில் கொடுக்கிறார், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இரவு பத்து மணிக்கு மேல் ப்ளோயர் சத்தம் தாங்க முடியவில்லை என்று முதல் மாடிக்காரர்கள் சண்டை போட்டதால் காலை ஆறு வரை நிறுத்திவிடுகிறோம். விடிந்தால் லிஃப்டில் நாற்றம், அதற்கும் சண்டை. இரண்டு சண்டையும் என் வாட்ஸப்பில்தான் நடக்கிறது. இந்த வாரம் டேங்கில் இறங்கிச் சுத்தம் செய்ய இரண்டு பேரை அனுப்புவதாக ஏஜென்சி சொல்லியிருக்கிறது. சரியாகிவிடுமா ஐயா?

---

தங்கவயல் தாத்தா:

யாரையும் இறக்காதீர்கள். முதலில் ஏஜென்சிக்கு போன் போட்டு அதை நிறுத்திவிட்டு மீதியைப் படியுங்கள்.

எட்டு மணி நேரம் காற்றில்லாத டேங்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும்வரை மனிதன் உஷாராக இருப்பான். 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பான். 1994ல் நான் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெட்வெல். ஒருவர் இறங்கினார், மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க அவருடைய மச்சான் இறங்கினார். இரண்டு பேரையும் மறுநாள் கல்பள்ளி சுடுகாட்டில் வைத்தோம். 2013ல் சட்டமே வந்துவிட்டது. பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் ஆளை இறக்கினால் ஏஜென்சி மட்டும் இல்லை, வேலை கொடுத்த சங்கமும் மாட்டும். உறிஞ்சுகிற லாரி கூப்பிட்டு வெளியில் இருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

ப்ளோயருக்கு சத்தம் குறைக்கிற மூடி விற்கிறார்கள். அடியில் அதிர்வு தாங்குகிற ரப்பர் மாற்றினாலே பாதி சத்தம் போய்விடும். ஒரு வருஷத்துப் பவுடர் பில்லைக் கூட்டிப் பாருங்கள், மூடி விலை அதில் இருக்கும். இரவில் ஒரேயடியாக நிறுத்தாமல் மணிக்குக் கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். முதல் மாடிக்காரர்களுக்கு ஒரு பெட்டி மைசூர்பாக் கொடுங்கள்.

---

ஓசூர் கெமிஸ்ட்:

பொருளாளர் சார், பவுடர் பில் போடும்போது இந்த மாதம் எத்தனை லோடு ஸ்லட்ஜ் வெளியே போனது என்றும் கேளுங்கள். ‘எங்கள் டெக்னாலஜியில் ஸ்லட்ஜே வராது’ என்று சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

---

ஈஜிபுரா பையன்:

நான்கு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் டபுள் ஷிப்ட்.

தாத்தா, காலண்டரைப் பார்த்தேன். சென்ட்ரிஃப்யூஜ் நின்றது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். நான் இங்கே எழுதிய அன்றைக்கு 21 நாள். உடம்பு சிலிர்த்துவிட்டது. மேனேஜரிடம் காட்டினேன், அவர் மொபைல் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் சிகரெட் பிடித்தார்.

ஜாடி ஒரு மணி நாற்பது நிமிடத்தில் மேலே வந்தது. மொத்தமாக, லிஃப்ட் மாதிரி. பாதிக்குப் பாதி கலந்ததில் 360, இரண்டால் பெருக்கினால் 720. கூட்டம்தான்.

பாத்திகள் எட்டு இல்லை, ஆறுதான், அதில் ஒன்றில் வாட்ச்மேன் கீரை போட்டிருந்தார். அவரிடம் பேசி, பாத்தியைச் சுற்றி வேறு இடம் கொடுத்து (இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை), மணல் மாற்றி ஊற்ற ஆரம்பித்தோம். தாளை எழுதிக் கொடுத்தேன். ‘தினமும் 300 கிலோ கடன்’ என்பதை ஆறு பாத்திக்கு 450 என்று திருத்தினேன். முதலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்கள். மெயிலில் அனுப்பினேன். அதற்கு அப்புறம் பதினொரு நாளில் கியர்பாக்ஸ் வந்துவிட்டது. அதுவரை எந்தக் கோடவுனில் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

சென்ட்ரிஃப்யூஜ் ஓடத் தொடங்கி இப்போது இரண்டு வாரம். நாளுக்கு ஏழு டன் கேக் (பிழிந்த ஸ்லட்ஜ்) வருகிறது, ஒரு லோடு. எம்எல்எஸ்எஸ் நேற்று 4,900. பிஹெச் 6.9. ரிட்டர்ன் பம்ப் இரண்டும் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஒரு ப்ளோயரை நிறுத்தியதில் கரண்ட் பில் குறையும் போலத் தெரிகிறது. நுரை பாதியாகிவிட்டது. பதினொன்றரை மணி ஊத்தப்பம் இப்போது அங்கங்கே இட்லி அளவுக்கு வந்து போகிறது.

லாக்புக்கில் நான் உண்மையான எண்ணை எழுத ஆரம்பித்ததும் பெரிய சண்டை. 350க்கு அடுத்த நாள் 880 என்று இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்கள். கடைசியில், ‘ஜாடி மாற்றப்பட்டது’ என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அம்மா அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, ‘இது யார் எழுதினது?’ என்று கன்னடத்தில் கேட்டார். நான்தான் மேடம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை, மெயில் காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை. நோட்டீஸ் கம்பெனிக்கு வந்திருக்கிறது, எனக்கு இல்லை.

இன்னொரு சந்தேகம். கேக் எடுக்கிற லாரிக்காரர், அறுவடை சமயம், பொங்கல் முடியும் வரை மாலூர் பக்கம் தோட்டக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்கிறார். ஷெட்டில் பத்து லோடுக்குத்தான் இடம். அதற்கு மேல் என்ன செய்வது?

இன்றைய ஜாடி போட்டோ போட்டிருக்கிறேன். இரண்டரை மணி நேரம் ஆகியும் மேலே வரவில்லை.

---

தங்கவயல் தாத்தா:

பத்து லோடு என்றால் பத்து நாள். பதினொன்றாவது நாள் என்ன என்பதை இன்றைக்கே இன்னொரு மெயிலில் கேள். ஷெட்டுக்கு மேலே தார்ப்பாய் இருக்கிறதா பார், மார்கழிப் பனியில் கேக் மறுபடி குழம்பாகும். லாரிக்காரர் நம்பரை எனக்குத் தனியாக அனுப்பு, அக்கா வீட்டுப் பக்கம் மல்பெரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன். எடுக்கிறவர்கள் காய்கறிக்குப் போடக்கூடாது என்பதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

போட்டோ பார்த்தேன். ஜாடியின் உள்பக்கம் 900 கோட்டில் பழைய கறை அப்படியே இருக்கிறது. பிரஷ் போட்டுக் கழுவு தம்பி.